திருமுடியும் திருவடியும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானை ஸேவித்து, தீர்த்தம் பெற்றுக்கொண்டு, ஸ்ரீசடாரிக்காகத் தலை குனிகிறோம். அர்ச்சகர் அதை நம் தலைமீது வைத்து எடுப்பது ஒரு கணத்தில் முடிந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் நாம் குனிந்திருப்பதாலும், பெரும்பாலும் கண்களை மூடிக்கொண்டிருப்பதாலும், அதன் வடிவை நன்றாகப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. அடுத்த முறை, குனிவதற்கு முன் ஒருமுறை உற்று நோக்குங்கள். அடிப்பகுதி ஒரு மகுடத்தைப் போலக் கவிந்திருக்கும். அதன் உச்சியில் எம்பெருமானுடைய திருவடிகள் இரண்டும் எழுந்தருளியிருக்கும்.

திருவடிகள் நம் தலையில் படவேண்டும் என்பது மட்டுமே நோக்கமாயின், ஒரு சிறு தட்டில் அவற்றை அமைத்திருக்கலாம். நம் பெரியோர் ஏன் மகுட வடிவைத் தேர்ந்தார்கள்? இந்த ஒரு கேள்வியை முன்வைத்துக்கொண்டு, முடி என்பது உலகத்தாருக்கு என்ன, எம்பெருமானுக்கு என்ன, நமக்கு என்ன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முடி என்னும் சொல்

தமிழில் 'முடி' என்னும் சொல் பல பொருள்களைச் சுமப்பது. தலைமயிர், தலை, மகுடம், மலையுச்சி ஆகிய அனைத்தும் முடியே. வினையாகும்போது கட்டுதல் என்றும், நிறைவேறுதல் என்றும் பொருள்படும். திருமலையில் அடியார்கள் காணிக்கையாகச் செலுத்துவதும் முடி. அங்கே திருவேங்கடமுடையான் சூடியிருப்பதும் முடி. கொடுப்பவனுடைய முடி இறங்குகிறது, கொள்பவனுடைய முடி ஓங்கி நிற்கிறது. ஒரே சொல் இரண்டையும் குறிப்பது தற்செயலாயினும், சிந்திக்கத்தக்கது.

நம் பூர்வாசார்யர்களின் வியாக்யானங்களில் கிரீடத்திற்குத் 'திருவபிஷேகம்' என்ற சொல் வழங்குகிறது. வியாக்யானங்களைப் புதிதாக வாசிப்போர் இதைத் திருமஞ்சனம் என்று கொண்டு மயங்குவதுண்டு. முடிசூட்டும் சடங்கின் பெயரே, சூட்டப்படும் முடிக்கும் பெயராயிற்று. இந்தத் திருவபிஷேகத்தை 'ஆதிராஜ்ய ஸூசகம்' என்பர். அதாவது, எல்லாவற்றுக்கும் மேலான அரசுரிமையை அறிவிக்கும் அடையாளம்.

உலகத்தாரின் முடிகள்

உலக வழக்கில் முடி மூன்று காரியங்களைச் செய்கிறது. சூடியவனை உயர்த்துகிறது, அவனை அழுத்துகிறது, அவனை மறைக்கிறது.

உயர்த்துவதற்கு உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. சங்க காலத்தில் முடி சூடும் உரிமை சேர, சோழ, பாண்டியராகிய மூவேந்தர்க்கே உரியது. வேளிரும் குறுநில மன்னரும் வீரத்திலும் கொடையிலும் எவ்வளவு சிறந்திருப்பினும் முடியுடை வேந்தர் வரிசையில் சேரார். எகிப்தின் பண்டை அரசர்கள் தென்னாட்டுக்கு வெண்முடியும், வடநாட்டுக்குச் செம்முடியும் கொண்டிருந்தனர். இரண்டையும் ஆண்டவன் இரண்டையும் இணைத்து ஒன்றாகச் சூடினான். முடியைப் பார்த்தே ஆட்சியின் எல்லையை அறியலாம்.

அழுத்துவதற்கு உதாரணம் பாரசீகத்தில் உண்டு. டெசிஃபோன் நகரத்து அரண்மனையில் ஸாஸானிய மன்னனான குஸ்ரோவின் முடி தலை தாங்காத அளவு கனமாயிருந்ததால், அது பொற்சங்கிலியால் மேலிருந்து தொங்கவிடப்பட்டது என்றும், மன்னன் அதன் கீழே வந்து அமர்ந்தான் என்றும் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். இங்கிலாந்தில் 1661இல் செய்யப்பட்ட புனித எட்வர்ட் முடி ஏறக்குறைய 2.2 கிலோ எடையுள்ளது. முடிசூட்டு விழாவில் சிறிது நேரமே அதைச் சூடுவர். பின்னர் எடை குறைந்த வேறொரு முடிக்கு மாறிவிடுவர்.

மறைப்பதற்கு உதாரணம் ஆப்பிரிக்காவில் உண்டு. நைஜீரியாவின் யோருபா மன்னர்கள் சூடும் மணிமுடியிலிருந்து மணிச்சரங்கள் திரைபோல் இறங்கி முகத்தை மறைக்கின்றன. குடிகள் காண்பது மன்னன் என்னும் மனிதனை அன்று, மன்னன் என்னும் பதவியை. அம்முடியின் உட்புறத்தை, அதைச் சூடுபவனே பார்க்கலாகாது என்பதும் அவர்கள் மரபு.

உயர்வு, சுமை, திரை என்னும் இம்மூன்றையும் மனத்தில் கொண்டு, இப்போது எம்பெருமானுடைய திருமுடிக்கு வருவோம்.

அழகருடைய முடிச்சோதி

சிற்ப சாஸ்திரத்தில் மகுடங்கள் பல வகை. மஹாவிஷ்ணுவுக்கு உரியது கிரீட மகுடம். பல்லவர் காலத்துச் சிற்பங்களில் அது உருளைபோல் நெடிதாக எழும். பிற்காலத்தில் மேலே செல்லச் செல்லக் குறுகும். சிவனுக்கும் பிரமனுக்கும் சடைமுடியால் ஆன ஜடாமகுடம். தேவிமார்க்குப் பெரும்பாலும் அடுக்கடுக்காகக் குறுகும் கரண்ட மகுடம். ஆக, உருவத்தைப் பார்த்தவுடன் 'இவன் அரசன்' என்று சொல்வது அந்த நெடுமுடியே.

நம்மாழ்வார் திருமாலிருஞ்சோலை அழகரை ஸேவித்தபோது, அந்த முடியே அவர் திருவுள்ளத்தை முதலில் கவர்ந்தது. திருவாய்மொழி மூன்றாம் பத்தின் முதல் பதிகத்தை 'முடிச்சோதி' என்றே வழங்குகிறோம். முதற் பாசுரம் முழுவதும் கேள்வியாகவே அமைந்தது. திருமுகத்தின் ஒளி மேலே மலர்ந்து முடியின் ஒளியாயிற்றோ, திருவடியின் ஒளி கீழே மலர்ந்து, நின்ற தாமரையாயிற்றோ, திருவரையின் ஒளியே ஆடையும் ஆபரணமுமாய்ப் பரந்ததோ என்று வினவி, விடையை எம்பெருமானே சொல்லவேண்டும் என்கிறார்.

இக்கேள்வியின் ஆழத்தைக் கவனிக்கவேண்டும். உலகத்து அரசனுக்கு முடி வெளியிலிருந்து வருவது. யாரோ செய்து, யாரோ சூட்டி, ஒருநாள் யாரோ இறக்குவது. அழகருக்கோ முடி உள்ளிருந்து மலர்ந்தது. முகம் எங்கே முடிந்தது, முடி எங்கே தொடங்கியது என்று ஆழ்வாராலேயே பிரித்துக் காண முடியவில்லை. ஆகவே அது அவனுக்குச் சுமையன்று. அவன் முகத்தை மறைக்கும் திரையுமன்று. அவனுடைய இயல்பான ஸ்வாமித்வமே கண்ணுக்குப் புலனாகும் ஒளி அது.

பார்வை முடியில் தொடங்கினாலும், உடனே திருவடிக்கு இறங்கிவிடுவதையும் காண்க. முடியைக் கண்டவன் சேரவேண்டிய இடம் திருவடி.

அந்த அழகரே சித்திரை மாதத்தில் மலையை விட்டு மதுரைக்கு எழுந்தருளும்போது கள்ளர் திருக்கோலம் பூணுகிறார். ஸுந்தரராஜன் என்று 'ராஜன்' பெயர் கொண்டவர், அரசமுடியை விடுத்துக் கொண்டை சாத்திக்கொண்டு, கையில் வளரித்தடியோடு புறப்படுகிறார். வழியெங்கும் மண்டகப்படிகளில் குடியானவரும் கள்ளரும் தம்மில் ஒருவனாக அவரை எதிர்கொள்கின்றனர். உலகத்து மன்னன் முடி இறங்கினால் ஆட்சி இழந்தவன் ஆவான். எம்பெருமானோ முடியை மாற்றியபோதும் ஸ்வாமியே. எளிமையால் அவன் மேன்மை மேலும் ஒளிர்கிறது. பரத்வமும் ஸௌலப்யமும் ஒரே தலையில் மாறி மாறி அமர்வதை மதுரை ஆண்டுதோறும் காண்கிறது.

சடையும் முடியும்

இந்த இரண்டையும் ஒரே பாசுரத்தில் ஒருங்கே கண்டவர் நம் திருமயிலையில் அவதரித்த பேயாழ்வார். மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் அவர் தோன்றிய கிணறு இன்றும் ஸேவிக்கப்படுகிறது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருக்குத் தனி ஸந்நிதி உண்டு. ஐப்பசிச் சதயத்தில் திருநக்ஷத்திரம். மூன்றாம் திருவந்தாதியின் அறுபத்து மூன்றாம் பாசுரத்தில், திருமலையப்பனிடம் தாழ்ந்த சடையும் நீண்ட முடியும் சேர்ந்து திகழ்வதை வியந்து பாடுகிறார். சிவனுக்கும் தன் திருமேனியில் இடமளித்த சீர்மை என்பதே பாசுரத்தின் நேர்பொருள்.

ஆயினும் அப்பாசுரத்தை அநுஸந்திக்கும்போதெல்லாம் அடியேனுக்குச் சக்கரவர்த்தித் திருமகன் நினைவே வரும். நாளை முடிசூட்டு என்று அயோத்தி நகரமெல்லாம் அலங்கரிக்கப்பட்டிருந்தது. அத்தலையில் முடிக்குப் பதில் சடை ஏறிற்று. கங்கைக்கரையில் குகனிடம் ஆலம்பாலை வாங்கி, அதனால் தன் திருமுடியையும் இளையபெருமாளின் முடியையும் சடையாக்கிக்கொண்டான் என்கிறது ஸ்ரீராமாயணம். 14 ஆண்டுகள் கழித்து அந்தச் சடை நீக்கப்பட்டு, பிரமனால் செய்யப்பட்டு மனுவுக்குச் சூட்டப்பெற்ற பழைய முடியை வஸிஷ்டர் சூட்டினார். தலை ஒன்றே, சடைக்கும் அது தாழவில்லை, முடிக்கும் அது நிமிரவில்லை.

இடைப்பட்ட 14 ஆண்டுகள் அயோத்தியில் முடிசூடியிருந்தவர் யார்? அங்கேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது. அதற்கு முன், முடியை எம்பெருமானுக்கே ஸமர்ப்பித்த அரசர் சிலரை நினைத்துக்கொள்வோம்.

முடியைக் கொடுத்தவர்கள்

விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் 1513 பிப்ரவரி 10 அன்று திருமலைக்கு முதன்முதலாக வந்தபோது, நவரத்தினங்கள் இழைத்த கிரீடத்தைத் திருவேங்கடமுடையானுக்கு ஸமர்ப்பித்ததைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அவருடைய செப்புத் திருவுருவம் தேவியர் இருவரோடு அங்கே கைகூப்பி நிற்கிறது. அதன் தலையில் இருப்பது கூம்பு வடிவான குல்லாய். ரத்தினமுடியை அவனுக்குக் கொடுத்தவர், குல்லாயோடு வாயிலில் அடியாராக நிற்கிறார்.

மேல்கோட்டையாகிய திருநாராயணபுரத்தில், எம்பெருமானார் பல்லாண்டுகள் எழுந்தருளியிருந்த திவ்யதேசத்தில், செல்வப்பிள்ளைக்கு வைரமுடி ஸேவை பங்குனியில் நடைபெறுகிறது. விரோசனன் திருப்பாற்கடல் நாதனிடமிருந்து கவர்ந்த முடியைக் கருடன் மீட்டு வரும்வழியில் கண்ணனைக் கண்டு அவனுக்குச் சூட்டினான் என்றும், அந்தச் சிறு தலைக்கு ஏற்ப முடி தன்னைச் சுருக்கிக்கொண்டது என்றும் கூறுவர். அங்கேயே மைசூர் மன்னர் ராஜ உடையார் (1578–1617) அளித்த ராஜமுடியும், பின்னாளில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அளித்த கிருஷ்ணராஜமுடியும் உள்ளன.

வைரமுடி ஆண்டு முழுவதும் மண்டியா மாவட்டக் கருவூலத்தில் அரசுக் காவலில் இருக்கிறது. உத்ஸவத்தன்று காவலரோடு மேல்கோட்டைக்கு வந்து, இரவில் மட்டும் சாத்தப்படுகிறது. பகலொளி அதன்மேல் படலாகாது. அதைச் சாத்தும் அர்ச்சகரும் கண்ணால் நோக்கலாகாது என்பது மரபு. வங்கிப் பணியில் பெட்டகச் சாவியோடு பல ஆண்டுகள் கழித்த அடியேனுக்கு இது நன்றாகப் புரிகிறது. காப்பவன் வேறு, உடையவன் வேறு. கையில் சாவி இருக்கிறது என்பதால் உள்ளே உள்ளது நம்முடையது ஆகிவிடாது.

இந்த உண்மையைத் தம் முடிக்கே பொருத்திக்கொண்டவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா. 1750 ஜனவரியில் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரத்து அநந்தபத்மநாபனுக்கு எழுதிக்கொடுத்து, 'பத்மநாபதாஸன்' என்னும் பெயரோடு ஆளத் தொடங்கினார். அடையாறு காந்தி நகரில் அநந்தபத்மநாபனை ஸேவிக்கும்போது இதையும் நினைக்கலாம்.

இவர்கள் எல்லாருக்கும் முன்னோடி குலசேகராழ்வார். முடியுடை வேந்தராயிருந்தும், பெருமாள் திருமொழியின் நான்காம் பதிகத்தில், அரசும் வேண்டாம், மேலுலகப் போகமும் வேண்டாம், திருமலையில் ஏதேனும் ஒன்றாய்ப் பிறந்தால் போதும் என்று வேண்டுகிறார். அவ்வரிசையில் ஒன்று, திருவேங்கடமுடையான் வாசலில் படியாய்க் கிடப்பது. கர்ப்பக்ருஹத்தின் வாயிற்படி இன்றும் 'குலசேகரன் படி' எனப்படுகிறது. படி என்பது பிறர் கால் வைப்பதற்கே உள்ளது. முடி சூடிய தலை, அடியார் கால் படும் இடமாக இருக்க விரும்பியது.

முடிசூடிய பாதுகை

சித்திரகூடத்தில் பரதாழ்வான் வேண்டியது முடியை அன்று. பெருமாள் தன் பாதுகைகளைத் தந்தான். அவற்றைத் தலையில் தாங்கிவந்து, நந்திக்கிராமத்தில் ஸிம்ஹாஸனத்தில் வைத்துப் பட்டாபிஷேகம் செய்து, குடைபிடித்து, ஒவ்வொரு காரியத்தையும் முதலில் பாதுகைகளிடம் விண்ணப்பித்தே நடத்தினான். 14 ஆண்டுகள் அயோத்தியை ஆண்டது திருவடிநிலை. தலைக்குரிய முடி திருவடிக்குச் சென்றது. திருவடி பரதனுடைய தலைக்குச் சென்றது.

ஸ்வாமி தேசிகன் அருளிய பாதுகா ஸஹஸ்ரம் இந்நிகழ்ச்சியையே உயிராகக் கொண்டது. 1008 ச்லோகங்கள், 32 பத்ததிகள். அவற்றில் ஸமர்ப்பண பத்ததி, அதிகாரபரிக்ரஹ பத்ததி, அபிஷேக பத்ததி, நிர்யாதனா பத்ததி என்று பெயர்களைப் பாருங்கள். பாதுகை அளிக்கப்பட்டது, பொறுப்பேற்றது, முடிசூடியது, பின்னர்த் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. ஒரு பதவியின் முழு வரலாறும் அதில் உண்டு.

நிர்யாதனம் என்பது வைத்ததைத் திருப்பித் தருதல். பெருமாள் மீண்டு வந்தபோது பரதன் தன் கையாலேயே பாதுகைகளை அவன் திருவடிகளில் சேர்த்து, தன்னிடம் அடைக்கலமாயிருந்த ராஜ்யத்தைத் திருப்பித் தந்தான். கருவூலம், களஞ்சியம், சேனை ஆகிய அனைத்தையும் பார்வையிடுமாறு வேண்டி, யாவும் பத்து மடங்காகப் பெருகியுள்ளன, அதுவும் உன் தேஜஸ்ஸாலேயே என்று விண்ணப்பித்தான். கணக்கு முழுதாகக் காட்டப்பட்டது. பெருக்கத்துக்கான பெருமையும் தனக்கென்று வைத்துக்கொள்ளப்படவில்லை.

ந்யாஸம், நிக்ஷேபம் என்னும் சொற்கள் உலக வழக்கில் ஒருவரிடம் ஒப்படைத்து வைத்த பொருளைக் குறிப்பன. அவையே நம் ஸம்ப்ரதாயத்தில் சரணாகதியின் பெயர்களும் ஆகும். ஆத்மா என்னும் பொருள் அவனுடையது. இடையில் நாம் அதை நம்முடையது என்று எண்ணி, அதற்கு ஒரு முடியையும் சூட்டிக்கொண்டோம். உடையவனிடம் அதைத் திருப்பித் தருவதே சரணாகதி.

நமக்குச் சூட்டப்படும் முடி

இனி, ஸ்ரீசடாரி. நம்மாழ்வார் திருவாய்மொழி இரண்டாம் பத்தில் (2-9), மோக்ஷத்தையும் வேண்டேன் என்று கூறி, திருவடித் தாமரையைத் தம் தலையில் விரைந்து சேர்க்கவேண்டும் என்று பிரார்த்தித்தார். பத்தாம் பத்தில் திருவாட்டாற்றுப் பதிகத்தில் (10-6), அத்திருவடிகள் தம் தலைமேல் இருப்பதைக் கண்டு மகிழ்கிறார். ஆளவந்தாரும் ஸ்தோத்ர ரத்னத்தில் எம்பெருமானை நோக்கி, அத்திருவடிகள் தம் தலையை அலங்கரிப்பது எப்போது என்று ஏங்குகிறார். அலங்கரிப்பது என்றதனால், திருவடியைத் தலைக்கு அணியாகவே அவர் கருதினார் என்பது தெளிவு.

திருவடியைத் தலையில் பெற்ற ஆழ்வார், தாமே எம்பெருமானுடைய திருவடிநிலையாய் நம் தலைக்கு வருகிறார். பிறக்கும் குழந்தையின் ஞானத்தை மறைக்கும் சடம் என்னும் வாயுவைக் கோபித்து ஒதுக்கியதால் அவர் சடகோபன். அதற்குப் பகைவராதலால் சடாரி. அதனாலேயே ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் ஸந்நிதிச் சடாரிக்கு 'ஸ்ரீராமாநுசம்' என்றும், எம்பெருமானாருடைய திருவடிக்கு 'முதலியாண்டான்' என்றும், மணவாள மாமுனிகளுடைய திருவடிக்குப் 'பொன்னடியாம் செங்கமலம்' என்றும் திருநாமம். அடியார்க்கு அடியார் என்று இறங்கும் வரிசை முழுவதும் அந்தச் சிறு மகுடத்தில் அடங்கியிருக்கிறது.

ஆகவே நாம் தொடங்கிய கேள்விக்கு அடியேன் உணர்ந்த விடை இது. ஸ்ரீசடாரி மகுட வடிவில் இருப்பது, அது நமக்குச் செய்யப்படும் பட்டாபிஷேகம் என்பதை உணர்த்தவே. எம்பெருமானுக்கு முடி ஸ்வாமித்வத்தின் அடையாளம். ஜீவனுக்குத் திருவடியே முடி, அது சேஷத்வத்தின் அடையாளம். உலகத்து முடி சூடியவனை நிமிரச் செய்கிறது, இந்த முடியோ குனிந்தவனுக்கே கிடைக்கிறது. உலகத்து முடி அழுத்தும், இது ஒரு கணம் பட்டுச் சுமையை எடுத்துச் செல்லும். உலகத்து முடி ஒருவனை மற்றவரிடமிருந்து மறைக்கும், இதுவோ வரிசையில் நிற்கும் எல்லார் தலையிலும் ஒன்றாகவே படும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை அடியேன் நூலில் கற்கவில்லை. பணி ஓய்வு பெற்ற மறு வாரம் ஒரு ஸந்நிதிக்குச் சென்றிருந்தேன். கிளை மேலாளராயிருந்த காலத்து வழக்கப்படி முன்வரிசையில், கதவின் அருகே போய் நின்றேன். அர்ச்சகர் சடாரியோடு வெளியே வந்து, என்னைக் கடந்து, தூணோரம் நின்றிருந்த பூத்தொடுக்கும் மூதாட்டிக்கு முதலில் ஸாதித்தார். பிறகு அங்கிருந்து வரிசையாக வந்து, கடைசியில் எனக்கு. அன்று வீடு திரும்பும்வரை மனம் ஆறவில்லை. சாவிகளை ஒப்படைத்துக் கையெழுத்திட்டுவிட்டு வந்தவன், தலையிலிருந்ததை மட்டும் ஒப்படைக்காமல் வந்திருந்தேன் என்பது இரவு பாதுகா ஸஹஸ்ரத்தை எடுத்து அமர்ந்தபோதுதான் தெரிந்தது. பரதன் ராஜ்யத்தையும் தந்தான், அது தன்னால் பெருகிற்று என்னும் நினைவையும் தந்தான். நான் முதலாவதை மட்டும் தந்திருந்தேன். அந்த மூதாட்டிக்கும் எனக்கும் அன்று சூட்டப்பட்ட முடி ஒன்றே. அதை முதலில் பெற்றது யார் என்று கணக்குப் பார்த்தபோது, பெற்றது இன்னதென்றே மறந்துபோனேன்.

அன்பர்களே, அடுத்த முறை ஸ்ரீசடாரிக்காகக் குனியும்போது, தலையில் ஏற்கெனவே வேறு முடி ஏதேனும் இருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்துக்கொள்வோம். கல்வி, பதவி, குலம், செல்வம், பக்தன் என்ற பெயர்கூட ஒரு முடியாகலாம். ஒரு தலைக்கு ஒரு முடிதான் பொருந்தும். பழையதை இறக்கினால்தான் நம்மாழ்வாராகிய அந்தத் திருவடிநிலை நன்றாகப் பொருந்தி அமரும்.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்